உத்திரமேரூர் நிலையத்தின் 136 நாட்கள்

2043 நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில் நான் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். 6.3 மில்லிமீட்டர் மழை என்று எழுத வேண்டிய இடத்தில் 63 என்று எழுதினேன். பதினாலு நிமிடம் கழித்துக் கவனித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். இதுவரை புதிர் எதுவும் இல்லை. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உத்திரமேரூர் நிலையத்துக்காரர், அந்தப் பதினாலு நிமிடத்துக்குள் 57.3 என்று எழுதியிருந்தார். அதுதான் புதிர்.

அன்று எங்கள் வட்டாரத்தில் வேறு யாருக்கும் பத்து மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அச்சிறுபாக்கத்தில் ஐந்து. செய்யூரில் எட்டு. வந்தவாசியில் நாலு. நான் விரலால் செய்த பிழை, இன்னொருவர் வீட்டு மாடியில் எப்படி மழையாகப் பெய்யும்?

நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மழைக்குறிப்பு மன்றம் என்ற எங்கள் இணையக் குழு 2016இல் தொடங்கியது. அதற்கு முந்தின வருட வெள்ளத்தில் நனைந்தவர்கள், பயந்தவர்கள், சும்மா வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மழைமானி வைத்துக்கொண்டோம். தினமும் காலை எட்டரைக்கு அளவை எடுத்து எழுதிவிட வேண்டும். எழுதி முடித்த பிறகு அரட்டை. அன்றைய செய்தி, புதிதாக வந்த போன், கிரிக்கெட், மிக்ஸியில் வரும் கருகல் வாடை, தொட்டிமீன் ஏன் தலைகீழாக நீந்துகிறது என்கிற கவலை, எல்லாம் உண்டு. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. நிலையத்தின் ஊர்தான் பெயர். என் அம்மா வைத்த பெயர் குணவதி. மன்றத்துக்கு நான் மதுராந்தகம். "என்ன மதுராந்தகம், ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்?" என்று யாராவது கேட்டால் ஊரே காணாமல் போய்விட்டது போலச் சிரிப்பு வரும்.

உத்திரமேரூரும் நானும் முதல் வருடத்திலிருந்தே சண்டைக்காரர்கள். தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழைமானியைச் சிலந்தி வலை கெடுக்குமா, எறும்பு கெடுக்குமா என்று நாங்கள் பதினோரு நாள் வாதம் செய்திருக்கிறோம். பழைய ஃபேன் கன்டென்ஸரைத் தூக்கிப் போடலாமா கூடாதா என்று ஒரு மாதம். நேரில் பார்த்ததே இல்லை. ஒருமுறை எனக்கு ஒரு புனல் பார்சலில் அனுப்பினார். அதன் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்துத்தான் அவர் ஏகாம்பரம் என்று தெரியும். காலையில் காபி ஆறுவதற்குள் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காவிட்டால் எனக்கு அந்த நாள் தொடங்கியதாகவே இருக்காது.

அதனால் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டேன். "உத்திரமேரூர், 57 எப்படி? குழாயைத் திறந்து விட்டுட்டீங்களா?"

"இங்க நல்ல மழை மதுராந்தகம். உங்க ஊர் மேகத்துக்குக் கஞ்சத்தனம் ஜாஸ்தி" என்று பதில் வந்தது. அவர் எழுதுவது போலவே இருந்தது. அதுவே என்னை உறுத்தியது. தப்பான அளவைச் சுட்டிக்காட்டினால் அவர் கேலி செய்ய மாட்டார். மாடிக்கு ஓடுவார்.

மறுநாள் வேண்டுமென்றே தப்பான எண் போட்டுச் சோதிக்கலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் எங்கள் ஏழாவது விதி அதற்கு இடம் தராது. இல்லாத மழையை எழுதிய நிலையத்தின் மொத்தக் குறிப்பும் நீக்கப்படும். ஆகவே பொய் சொல்லாமல் சோதித்தேன். மூன்று நாள், என் அளவைத் தாமதமாகப் போட்டேன். மூன்று நாளும் உத்திரமேரூரின் எண், அவருக்கு முன்னால் எழுதியிருந்த ஊர்களுக்கு நடுவிலேயே வந்து விழுந்தது. அன்று நான் முதலில் எழுதியபோது என்னை ஒட்டி. இப்போது நான் முந்தாதபோது வந்தவாசியை ஒட்டி.

மன்றத்தின் பொறுப்பாளர் திருத்தணி. வயதில் சின்னவர், இம்மானுவேல் என்று பெயர். அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, தொடர்குரல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"விளம்பரத்துல பார்த்திருக்கேன். செத்துப்போனவங்க பேசுறது."

"பேசுறது இல்ல, எழுதுறது. ஒருத்தர் ஆயுசுல எழுதினதை எல்லாம் படிச்சுக்கும். அப்புறம் அவர் எழுதுற மாதிரியே தொடர்ந்து எழுதும். குடும்பத்துல ஒருத்தர் சம்மதிச்சா போதும், கணக்கு அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்."

"மெஷின் எழுதினதுன்னு அடையாளம் போடணும்னு சட்டம் இருக்குல்ல?"

"இருக்கு. அவங்களும் போட்டு அனுப்புறாங்க. நம்ம மன்றம் இருபத்தேழு வருஷத்துப் பழைய சாஃப்ட்வேர்க்கா. அந்த அடையாளத்தைக் காட்ட இதுல இடமே கிடையாது."

"சரி, மழையளவை எங்கிருந்து எடுக்குது?"

"எங்கிருந்தும் எடுக்கல. இவர் தினம் காலையில ஒரு எண் எழுதுவார்னு கத்துக்கிட்டிருக்கு. அக்கம்பக்கத்து எண்களோட எப்படி ஒத்துப்போவார்னும் கத்துக்கிட்டிருக்கு. அதுக்கு மழைன்னா என்னன்னு தெரியாது. மழைக்குறிப்பு எப்படி இருக்கும்னு மட்டும் தெரியும். அன்னிக்கு முதல்ல நீங்க மட்டும் எழுதியிருந்தீங்க. உங்க 63ஐப் பார்த்துது, கொஞ்சம் குறைச்சுது, 57.3ன்னு போட்டுது."

அப்படியென்றால் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது யார்? எத்தனை நாளாக?

"அக்கா, இன்னொண்ணு சொல்லணும்" என்றார் திருத்தணி. "ஏழாவது விதி. நிலையத்தையே எடுத்தாகணும்."

"உண்மையான குறிப்பு இருபது வருஷத்துக்கு மேல இருக்கே தம்பி."

"எது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏரி மராமத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் நம்ம எண்ணை எடுத்துக்கிறாங்க. பாதி பொய்யா இருந்தா முழுசும் பொய். இந்த விதியை எழுதினதே உத்திரமேரூர்தான். நீங்கதான் அவருக்கு ஓட்டுப் போட்டீங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடு. பொய் எந்த நாள்ல ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிச்சுத் தரேன்."

"கண்டுபிடிச்சு, நிரூபிக்கணும்" என்றார். "இல்லன்னா திங்கட்கிழமை எடுத்துடுவேன். என்னைத் திட்டக் கூடாது."

ஒரு மனிதர் இருபத்து சொச்சம் வருடம், ஒரு காலை விடாமல் மாடி ஏறிக் குறித்து வைத்தது. அவரிடமிருந்து உலகத்தில் மீதி இருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

இங்கே அவருடைய மழைமானி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கும் சொல்ல ஆசை. என்னுடையது வெறும் கண்ணாடிக் குடுவை. கோட்டைப் பார்த்து அளவு எடுப்பேன். அவருடையது சாய்வாளி. குழந்தைகள் ஆடும் ஒரு சீசாப் பலகையைச் சின்னதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு குட்டி வாளிகள். மேலே புனல். மழைநீர் ஒரு வாளியில் சொட்டி நிறையும். நிறைந்ததும் கனம் தாங்காமல் அந்தப் பக்கம் சாய்ந்து கொட்டிவிடும். உடனே மறுபக்க வாளி புனலுக்கு அடியில் வந்து நிற்கும். அது நிறைந்தால் இந்தப் பக்கம் சாயும். எத்தனை முறை சாய்ந்தது என்று எண்ணினால் மழையளவு தெரிந்துவிடும். அவருடைய வாளி ஒருமுறை சாய்ந்தால் 0.4 மில்லிமீட்டர்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. அரை வாளி சாயாது. ஆகவே அந்த மானியிலிருந்து 0.4, 0.8, 1.2 என்று 0.4இன் மடங்குகள் மட்டும்தான் வர முடியும். 57.3 வரவே முடியாது. இல்லாத மழைக்கு வாளி கிடையாது, அது எந்த எண்ணாக வேண்டுமானாலும் இருக்கும்.

மழை பெய்த நாட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் 0.4ஆல் வகுத்தேன். 2016 நவம்பரிலிருந்து மீதியில்லாமல் வகுபட்டுக்கொண்டே வந்தது. புயல் வந்த நாட்கள், கோடை இடி மழை, ஒரே ஒரு சாய்வோடு நின்ற தூறல்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை. பக்கத்திலேயே அவருடைய அரட்டையும் ஓடியது. "இன்று வாளிக்குள் ஒரு குட்டித் தவளை. வெளியேற்றிவிட்டேன். அதன் எடையைக் கழிக்கவில்லை, மன்னிக்கவும்." படித்துச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

2041 டிசம்பர் மூன்று: 22.8. சரியாக ஐம்பத்தேழு சாய்வு. டிசம்பர் ஐந்து: 13.7. வகுபடவில்லை. அதற்குப் பிறகு நாலில் ஒன்றுதான் வகுபட்டது. கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டாலும் நாலில் ஒன்று தற்செயலாக வகுபடும்.

ஆக, அவர் போனது டிசம்பர் நாலாம் தேதியை ஒட்டி. குடும்பத்தார் அந்தத் தேதியை உறுதி செய்தால் போதும், திருத்தணிக்கு நிரூபணம் கிடைத்துவிடும். பழைய பார்சல் உறையைத் தேடி எடுத்து, சனிக்கிழமை காலை உத்திரமேரூர் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபதுக்குப் பக்கத்தில் வயதிருக்கும். கையில் பாதி உரித்த பூண்டு.

"யாரும்மா வேணும்?"

"ஏகாம்பரம் சார் வீடுதானே? நான் மழைக்குறிப்பு மன்றத்துல... மதுராந்தகம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா மதுராந்தகம்? ஐயய்ய, இத்தினி வருசமா உன்ன ஆம்பளைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்! அவுரு 'மதுராந்தகம் சண்டைக்கி வரான்'னுதான் சொல்வாரு. உள்ள வா, வா."

ஏகாம்பரத்துக்கும் நான் பெண் என்று தெரியாதோ என்னவோ. இனி கேட்க முடியாது.

அவர் மனைவியின் பெயர் கன்னியம்மாள். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் அவரே சொன்னார்.

"தெரிஞ்சிட்டுதா?"

"தெரிஞ்சிடுச்சுக்கா."

"எனக்குத் தெரியும், என்னிக்காவது ஒருத்தர் வருவீங்கன்னு. பையன் ஓசூர்ல இருக்கான். அவன்தான் அந்தத் தொடர்குரல் போட்டு விட்டான். காலையில காபி குடிக்கிறப்ப போன் படிச்சிக் காட்டும். நீ இன்னா சொன்ன, அவுரு இன்னா சொன்னாரு, வந்தவாசி இன்னா கிண்டல் பண்ணாரு, எல்லாம். அவுரு இருந்தப்ப அவுரே படிச்சிக் காட்டுவாரு. நான் சட்னி அரைச்சிக்கினே கேப்பேன். அது நின்னுபோனா வூடு ரொம்ப அமைதியா இருக்கும்மா."

நான் ஏழாவது விதியைச் சொன்னேன். தொடர்குரல் எழுதிய எண்கள் எல்லாம் பொய் என்றும், பொய் தொடங்கிய நாளை நிரூபிக்காவிட்டால் திங்கட்கிழமை அவருடைய மொத்தக் குறிப்பும் நீங்கிவிடும் என்றும் சொன்னேன். கன்னியம்மாள் கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டார்.

"மொத்தமுமா? அவுரு காய்ச்சல்லகூட ஏறுவாரே!"

"அதனாலதான் வந்தேன். தேதியைக் கண்டுபிடிச்சிட்டேன். சார் தவறினது 2041 டிசம்பர் நாலுதானே?"

"இல்லியே" என்றார். "ஜூலை இருபது."

ஜூலை இருபது என்றால் என் கணக்கு மொத்தமும் சரிந்துவிடும். ஜூலை இருபத்தொன்றிலிருந்து டிசம்பர் மூன்று வரை 136 நாட்கள். செத்துப்போனவருடைய மழை 136 நாள் மீதியில்லாமல் வகுபட்டிருக்கிறது. அப்படியானால் தொடர்குரலும் 0.4இன் ரகசியத்தைக் கற்றுக்கொண்டுவிட்டதா? கற்றுக்கொண்டிருந்தால் பழைய எண்களில் எதைத்தான் நம்புவது? திருத்தணி சொன்னது சரியாகிவிடும்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஜூலைக்கு அப்புறம் மாடியில அந்த மானியை யாராவது தொட்டாங்களா? பையன்?"

"அவன் எங்க தொட்டான்."

"வேற யாரு?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"திட்ட மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"நான்தான் ஏறினேன். அந்தக் குரலு காலையில கேக்கும், 'இன்னிக்கி எவ்ளோ'ன்னு. அவுரு வேலை பாதியில நிக்கக்கூடாதுன்னு ஏறிப் பாத்து, கால்குலேட்டர்ல இருக்கறதச் சொல்வேன். எனக்கு மழையும் தெரியாது மில்லிமீட்டரும் தெரியாது. தெரியிற எண்ண அப்படியே சொல்வேன். அப்பறம் அவுரு சொவத்துல எழுதி ஒட்டியிருக்கறாரு இல்ல, எந்தப் பட்டன் மொதல்ல, எது அப்பறம்னு, அதே மாதிரி அமுக்கிட்டு எறங்கிடுவேன். அஞ்சு மாசம். முட்டி வலிக்கும். ஆனா ஒரு நாளும் வுடல."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"ஒரு நாள் காலையில பாத்தா கால்குலேட்டர்ல ஒண்ணுமே தெரியல. கண்ணு மூடிக்கிச்சு. இதுக்கு இன்னா பண்றதுன்னு போன்ல அந்தக் குரலக் கேட்டேன். 'நீ கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிச்சு." கன்னியம்மாள் சிரிக்கப் பார்த்தார். "அவுரும் அதத்தான் சொல்வாரு. எது கேட்டாலும் அதான். ஒண்ணும் சொல்லித் தர மாட்டாரு."

"மன்றத்துல கேட்டிருக்கலாமேக்கா. அம்பது பேர் ஓடி வந்திருப்போம்."

"இன்னான்னு கேக்கறது? நான் யாருன்னு சொல்லணும் இல்ல? அவுரு ஏன் கேக்கலன்னு கேப்பீங்க இல்ல? அவுரு போயிட்டாருன்னு எழுதணும் இல்ல?"

மாடிக்குப் போனோம். புனலில் வேப்பிலை அடைத்திருந்தது. வாளியின் முனையில் சின்னக் காந்தம், எதிரே காந்தம் கடந்தால் ஒட்டும் சுவிட்ச், அதிலிருந்து இரண்டு ஒயர் ஒரு பழைய கால்குலேட்டரின் சமக்குறிப் பட்டனுக்குப் போகிறது. 0.4ஐ அழுத்தி, கூட்டலை இரண்டு முறை அழுத்தி, கடைசியில் பூஜ்யத்தை அழுத்திவிட்டால், அதற்குப் பிறகு வாளி சாயும்போதெல்லாம் அதுவே ஒரு 0.4ஐக் கூட்டிக்கொள்ளும். தானாக அணைந்துபோகாத பழைய ரகமாகத் தேடிப் பிடித்திருக்கிறார். நான் குனிந்து அதைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் சண்டை போட்டேன். இது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவரிடம் சொன்னதில்லை.

அங்கிருந்தே திருத்தணிக்குப் போன் செய்து, நடந்ததைச் சொன்னேன்.

"அந்த 136 நாளும் பெஞ்ச மழைதான் தம்பி. அக்கா கண்ணால பார்த்துச் சொன்னது."

"ஆனா வேற ஒருத்தர் பேர்ல இருக்கே. விதி என்னக்கா சொல்லுது?"

"விதி நிலையத்தைப் பத்திச் சொல்லுது. நிலையம்னா என்ன? ஒரு மானி, அதைப் பார்க்குற ஒரு ஆள். இங்க மூணு நிலையம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏகாம்பரம் ஒண்ணு. கன்னியம்மாள் ஒண்ணு. மானியே இல்லாத தொடர்குரல் ஒண்ணு. பிரிச்சு வை. மூணாவது இல்லாத மழையை எழுதியிருக்கு. அதை ஏழாவது விதிப்படி மொத்தமா நீக்கிடு. ஒரு எண்கூட விடாத."

"டிசம்பர் மூணுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் காலியா இருக்கும். பரவாயில்லையா?"

"காலியா இருந்துட்டுப் போகட்டும்."

"ரெண்டாவது நிலையத்துக்கு ஆள் சம்மதிக்கணும்க்கா. அவங்க வாயால சொல்லணும். மன்றத்துல, எல்லாருக்கும் தெரியுற மாதிரி."

போனைக் கன்னியம்மாளிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தன் போனை எடுத்து, தொடர்குரலை எப்படி நிறுத்துவது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். "நிச்சயமாகவா?" என்று அது கேட்டது. அவர் வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு, புனலின் உள்பக்கத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு அழுத்தினார். மன்றத்தைத் திறந்து, ஒற்றை விரலால், அரை மணி நேரம் எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது படித்தேன். "நான் உத்திரமேரூர். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் 2041 ஜூலை 20ஆம் தேதி காலமாகிவிட்டார். சொல்லாததற்கு மன்னிக்கவும். அதற்குப் பிறகு 136 நாள் மழை நான் பார்த்தது. கால்குலேட்டர் கண்ணை மூடிக்கொண்டது. என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்." அதற்குக் கீழே வந்தவாசி, செய்யூர், அச்சிறுபாக்கம் என்று ஐம்பது ஊர்களும் எழுதியிருந்தன.

அவர் எழுதி முடித்ததுமே நாங்கள் வீட்டில் கால்குலேட்டரைச் சரி செய்துவிட்டோம். ஆனால் மன்றத்தில் ஒருவர் கேட்டால் மன்றத்திலேயே பதில் சொல்ல வேண்டும், பிற்பாடு தேடி வருபவர்களுக்கு உதவும். ஆகவே பஸ்ஸிலிருந்தே எழுதினேன்:

"உத்திரமேரூருக்கு: கால்குலேட்டரின் முதுகில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கழற்றுங்கள். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. அதன் பெயர் எல்.ஆர். 44. கைக்கடிகாரக் கடையில் கேட்டால் தருவார்கள். பேட்டரியின் கூட்டல் குறி உங்களைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். மூடிவிட்டு, சுவரில் ஒட்டியிருக்கிறபடி பட்டன்களை அமுக்கி, கால் லிட்டர் தண்ணீரை மெல்லப் புனலில் ஊற்றுங்கள். வாளி இருபது முறை சாய்ந்து 8.0 என்று காட்டினால் மானி சரியாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், பேட்டரியை மாற்றுங்கள்."